மால்போர்க் கோட்டை போருக்குப் பிறகு கட்டிய நகல்தானா?

இரண்டாம் உலகப் போரில் இடிந்த மால்போர்க் கோட்டையைப் புதுச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டு, 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை என்று நுழைவுச்சீட்டு விற்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். போலந்துக்கு வரவிருக்கும் உங்களிடம் யாரோ அதை 'டூப்ளிகேட்' என்று சொல்லிவிட்டார் போலும். க்தான்ஸ்க் நகரில் வேலை பார்ப்பதால், ஊரிலிருந்து வரும் உறவினரையெல்லாம் அங்கே அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்குத்தான் வாய்க்கிறது. இதே பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் தொல்லியல் படித்தவன் அல்லன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நோகாத் ஆற்றங்கரையில் டியூட்டானிக் சபை என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவ அமைப்பின் துறவி வீரர்கள் 1270களில் கட்டத் தொடங்கிய இக்கோட்டை, 1309இல் அவர்களுடைய தலைவர் வெனிசிலிருந்து இங்கே குடிபெயர்ந்த பின் ஓர் அரசின் தலைமையிடமாக வளர்ந்து, 1457இல் போலந்து மன்னரின் கைக்கு வந்தது. அழிவு 1945இல்தான் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், 1772இலேயே இப்பகுதியைப் பிடித்த பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசு கோட்டையைப் படைவீடாக்கியது. 1801 முதல் 1804 வரை மேல்கோட்டையின் வளைவுக் கூரைகளைத் தகர்த்துக் கிடங்காகவும் மாற்றியது. 1882இல் பொறுப்பேற்ற கொன்ராட் ஸ்டைன்பிரெஹ்ட் என்ற கட்டடக் கலைஞர், மண்ணைத் தோண்டிப் பார்த்தும், அதே சபையினரின் மற்றக் கோட்டைகளை அளந்தும், கிடைத்த சான்றுகளை வரைபடங்களாகப் பதிந்தும் நாற்பது ஆண்டுகள் அதை மீட்டெடுத்தார். அந்தப் பணிக்குப் பின்னால் பிரஷ்யப் பெருமிதம் இருந்தது என்று யாரேனும் சண்டைக்கு வரலாம், இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1945 சண்டையில் கோட்டையின் பாதிக்கு மேல் சிதைந்தபோது, போலந்துக்காரர்களுக்குக் கைகொடுத்தவை அந்த ஜெர்மானியர் விட்டுச்சென்ற ஆவணங்களே. எந்த வளைவு எங்கே தொடங்கியது என்று தாளில் இருந்தபடியால் கற்பனைக்கு அதிகம் இடமில்லாமல் போயிற்று. 1997இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது இந்த மீட்புப் பணியையும் சேர்த்தே மதித்தது.

நேரில் பார்த்தால் ஒளிவுமறைவு இல்லை என்பது புரியும். பழைய செங்கற்களில் ஒன்றுபோல் மற்றொன்று இராது. அதிகம் வெந்து கறுத்துப் பளபளக்கும் கற்கள் நடுநடுவே தெரியும். பிற்காலத்தில் கட்டிய பகுதியோ பெரும்பாலும் ஒரே நிறத்தில் சீராகப் போகும். தலைவர் மாளிகையின் கோடைக்கால விருந்து மண்டபத்தில், கூரை முழுவதையும் தாங்கும் ஒற்றைக் கருங்கல் தூணையும், 1410இல் போலந்துப் படை முற்றுகையிட்டபோது அந்தத் தூணுக்குக் குறிவைத்து எறிந்ததாகச் சொல்லப்படும் கல்குண்டு சுவரில் பதிந்திருப்பதையும் காணலாம். கதை எப்படியோ, வேறு மண்டபங்களின் தரையில் உள்ள துளைகளைத் தவறவிடாதீர்கள்: கீழே உலையில் சுட்ட கற்களின் வெப்பம் அவற்றின் வழியாகத்தான் மேலே வந்தது. தேவாலயத்தின் வெளிச்சுவரில் நின்ற 8 மீட்டர் உயர மாதா சிலை 1945இல் நொறுங்கி, மீட்ட துண்டுகளையும் பழைய நிழற்படங்களையும் கொண்டு 2016இல்தான் மீண்டும் நிறுவப்பட்டது.

என் கோபமெல்லாம் வேறு இடத்தில். எங்கள் உறவினர் குழு ஒன்றை அழைத்து வந்த சுற்றுலா ஏற்பாட்டாளர், முற்றத்தில் நிறுத்திப் படம் எடுக்கவைத்து, 'எல்லாம் புதுசுதான்' என்று சொல்லிக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய்விட்டார். நீங்கள் க்தான்ஸ்க்கிலிருந்து ரயில் ஏறித் தனியாகவே வாருங்கள்; அரை நாளாவது ஒதுக்குங்கள்.