ட்ரெய்லரை மாற்ற வேண்டாம், பைக்குகளை முன்னே தள்ளுங்கள்

இரண்டு மோட்டார் பைக்குகளை ஏற்றிக் காரின் பின்னால் இழுக்கும் ட்ரெய்லர் 80 கிலோமீட்டர் வேகத்தில் வாலாட்டுகிறது, அதாவது பக்கவாட்டில் ஆடுகிறது, இரட்டை அச்சு ட்ரெய்லர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்காக வாங்கத் தேவையில்லை. ட்ரெய்லரின் தகட்டில் உள்ள எடை வரம்புக்குள் இருந்தால் இரண்டு பைக்குகளுக்கு இப்போதுள்ளதே போதும்.

காரணம் பெரும்பாலும் பின்பாரம். இறக்குவதற்கு எளிதென்று பின்கதவை ஒட்டி நிறுத்தியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு, ட்ரெய்லரை மாட்டும் கார்க் கொக்கியின் மீது இறங்க வேண்டும். ட்ரெய்லர் 250 கிலோ, பைக்குகள் தலா 200 என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 650, ஆகவே கொக்கியில் 65 முதல் 97 கிலோ வரை வேண்டும்.

சோதித்துப் பாருங்கள்:

1. பைக்குகளை ஏற்றிக் கட்டி, சமதரையில் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றுங்கள்.
2. வீட்டு எடை இயந்திரத்தின் மேல் மரக்கட்டை வைத்து, இணைப்பு முனையை வழக்கமான உயரத்தில் அதன்மீது இறக்குங்கள்.
3. எடை குறைந்தால் பைக்குகளை ஒரு சாண் முன்னே நகர்த்தி மறுபடி நிறுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கார் கையேட்டில் கொக்கிக்கு 75 கிலோதான் வரம்பு என்றிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. ஓட்டும்போது ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள்.