வாத்துக்கு என்ன போடலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பதினைந்து நாள் வாத்துக்குஞ்சுகள். பச்சரிசி நொய்யும் தவிடும் ஊறவைத்துப் போடுகிறோம். நாலு குஞ்சுகள் காலை இழுத்து இழுத்து நடக்கின்றன. வாதமா?

பெரும்பாலும் வாதம் இல்லை, நியாசின் என்ற பி-3 வைட்டமின் குறைவு. தீவனப் புரதத்தில் உள்ள டிரிப்டோபேன் என்ற கூறிலிருந்து கோழிக்குஞ்சு தனக்கு வேண்டிய நியாசினில் ஒரு பங்கைத் தானே செய்துகொள்ளும். வாத்துக்கு அந்தத் திறன் குறைவு. அதனால் அதன் தீவனத்தில் கிலோவுக்குச் சுமார் 55 மில்லிகிராம் இருக்க வேண்டும். தீட்டிய அரிசி நொய்யில் அது சொற்பம். தவிட்டில் இருக்கிறது, ஆனால் தானியத்து நியாசினில் பெரும்பகுதி குடலில் பிரியாமலே வெளியே போய்விடும்.

இன்றே 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனத்துக்கு மாற்றுங்கள். கிலோவுக்கு 50 கிராம் உலர் ஈஸ்ட் (பேக்கரி ஈஸ்ட் அல்ல, சத்துக்காக விற்கும் புரூவர்ஸ் ஈஸ்ட்) கலக்கலாம். கிடைக்காவிட்டால் கால்நடை மருந்துக் கடையில் பி-காம்ப்ளக்ஸ் திரவம் வாங்கி, லேபிளில் உள்ள அளவுப்படி தினமும் புதிய நீரில் கலந்து வையுங்கள். ஆரம்ப நிலையில் சில நாட்களில் நடை தெளியும். மூட்டு வீங்கிக் கால் வில்லாக வளைந்த பிறகு திருத்துவது கடினம். தரையையும் பாருங்கள்: வழுவழுப்பான பிளாஸ்டிக் விரிப்பில் வளரும் குஞ்சுக்கும் கால் விரிந்துபோகும். சாக்கு விரித்தால் போதும்.

கேள்வி: உலர் தீவனம் தின்றால் விக்குகிறது. கஞ்சியாகக் கரைக்கலாமா?

கஞ்சி வேண்டாம். கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதம் போதும். தீவனத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருக்க வேண்டும். குஞ்சுக்கு 5 முதல் 7 செ.மீ. ஆழம். மூக்குத் துளையை அமிழ்த்திக் கழுவ முடியாவிட்டால் தீவனத்தூள் அதில் அடைத்துக்கொள்ளும். இரவில் தண்ணீரை எடுப்பதானால் தீவனத்தையும் எடுத்துவிடுங்கள். ஈரத் தீவனம் நம் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் புளித்துவிடும், மிச்சத்தை மறுவேளைக்கு வைக்காதீர்கள்.

கேள்வி: கடலைப் புண்ணாக்கு சேர்த்த பிறகு ஒரே வாரத்தில் பதினோரு குஞ்சுகள் செத்துவிட்டன. கோழிகளும் அதையேதான் தின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கடைசி வரியே துப்பு கொடுக்கிறது. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உருவாகிறது. கோழி தாங்கும் அளவை வாத்துக்குஞ்சு தாங்காது. ஈரல் கெட்டு, கழுத்து பின்னால் வளைந்து துடித்துச் சாகும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் இந்த நஞ்சே அடையாளம் காணப்பட்டது. காரணம், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. பின்னாளில் ஒரு சரக்கில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க விஞ்ஞானிகள் பயன்படுத்தியதே ஒருநாள் வாத்துக்குஞ்சைத்தான்.

வேகவைத்தாலோ வெயிலில் காயவைத்தாலோ நஞ்சு போகாது. கண்ணுக்குப் பூஞ்சை தெரியாத புண்ணாக்கிலும் அது இருக்கலாம். ஆகவே குஞ்சுகளுக்குக் கடலைப் புண்ணாக்கே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. சோயாப் புண்ணாக்கும் உப்பில்லாத கருவாட்டுத் தூளும் போதும். மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டையின் மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு மேல் இருப்பு வேண்டாம். வாத்து பிளேக் நோயிலும் கூட்டமாகச் சாகும் என்பதால், அடுத்து ஒன்று செத்தால் ஐஸ் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முட்டை ஓடு தோல் மாதிரி இருக்கிறது. நத்தை நிறையப் போடுகிறோமே?

நத்தை ஓட்டில் சுண்ணாம்பு உண்டு, அதுமட்டும் போதாது. முட்டையிடும் காக்கி கேம்ப்பெல் இன வாத்துக்கு மேய்ச்சல் இல்லாவிட்டால் நாளுக்கு 120 கிராமோ அதற்கு மேலோ லேயர் தீவனம் வேண்டும். உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைக்கு அதுவே பொறுக்கிக்கொள்ளும். தீவனத்தில் கலந்தால் ஆண் வாத்தும் இளசும் சேர்ந்து தின்று சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளும்.

கேள்வி (லண்டனிலிருந்து): பூங்காக் குளத்து அன்னங்களுக்கு ரொட்டி போடக் கூடாது என்கிறார்கள், போடலாம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

ரொட்டிக்கு எதிரான பிரசாரத்தால் மக்கள் தீனி போடுவதையே நிறுத்திவிட, அன்னங்கள் பட்டினி கிடக்கின்றன என்ற கவலை எழுந்தது. 2018இல் பிரிட்டன் அரசியின் அன்னங்களைக் கணக்கெடுக்கும் அதிகாரி (ஸ்வான் மார்க்கர்) டேவிட் பார்பரே ரொட்டி போடலாம் என்று ஓர் அறிக்கையை ஆதரித்து வெளியிட்டார். ரொட்டி நஞ்சல்ல, வயிறு நிறைக்கும் மட்டமான தீனி, அவ்வளவுதான். பூஞ்சை பிடித்த ரொட்டி மட்டும் கூடவே கூடாது, நுரையீரலைத் தாக்கும். அதைவிட நல்லது கோதுமை மணி, நறுக்கிய லெட்யூஸ், கீரை, உறைபட்டாணி (பனி விட்ட பிறகு). தண்ணீரில் போடுங்கள்: அன்னம் தானியத்தை நீரோடு விழுங்கும், தீனிக்காகச் சாலைப் பக்கம் ஏறிவரவும் பழகாது. ஒரு பறவைக்கு ஒரு கைப்பிடி, மிதந்து மிஞ்சினால் நிறுத்திவிடுங்கள். மிக்ஸர், முறுக்கு, சிப்ஸ் வேண்டாம், உப்பு ஆகாது. பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நாம் பாடிய பறவைக்குப் பாலே செரிக்காது, ஆகையால் பால்சோறும் வேண்டாம். பறவைக் காய்ச்சல் அறிவிப்பு இருக்கும் நாட்களில் எதுவுமே போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து வெள்ளை அன்னம் புல்லைத்தான் மேய்கிறது. தீவனம் வேண்டுமா?

நம்மூரில் அன்னம் என்று விற்பது பெரும்பாலும் சீமை வாத்துதான் (ஆங்கிலத்தில் கூஸ்). பச்சைப்புல் தாராளமாக இருந்தால் மாலையில் ஒரு கைப்பிடி நெல்லோ கம்போ போதும். பூச்சிமருந்து அடித்த வரப்பில் மட்டும் மேயவிடாதீர்கள்.