பிள்ளை பெற்றவளின் மனம்: கேள்வி பதில்

இராமநாதபுரம் கடலோரக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பாம்பன்: குழந்தை பிறந்து 22 நாள் ஆகிறது. காரணமில்லாமல் அழுகிறேன். பிள்ளையைத் தூக்கவும் தோன்றவில்லை. நான் கெட்ட தாயா அக்கா?

இல்லை தங்கச்சி. பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஆகிய சுரப்புகள் சட்டென்று இறங்கிவிடுகின்றன, தூக்கமும் கெடுகிறது. அதனால் மூன்றாம் நான்காம் நாளில் பெரும்பாலான தாய்மாருக்கு அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டதால் இனிக் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடின்பரோ வினாப்பட்டியலைக் கேளுங்கள். 1987-இல் வெளியான அதில், கடந்த 7 நாள் மனநிலையைப் பற்றிப் 10 கேள்விகள் இருக்கும். அதன் மதிப்பெண் சந்தேகத்தை மட்டுமே சுட்டும், நோய் இன்னதென்று மருத்துவர்தான் முடிவு செய்வார். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தரும் என்பதால் அவற்றையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடம்: ஐந்தாம் நாள். ஒரே அழுகை.

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். ஆனால் சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரக் கணக்குப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

தொண்டி: மாத்திரை எடுத்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பாலையோ மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சாயல்குடி, ஒரு மாமியார்: நாங்கள் ஐந்து பெற்று, உடனே கரைக்குப் போய் மீன் விற்றோம். எங்களுக்கு இது வரவில்லையே?

வந்தது அம்மா. அன்று அதற்குக் காத்துக்கருப்பு என்று பெயர் வைத்து, வேப்பிலை அடித்து, பிள்ளை பெற்றவளை மூலையில் உட்கார வைத்தோம்.

மீண்டும் அவரே: அப்படியானால் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போவது குற்றமா?

நேர்ந்துகொள்வதில் எனக்கு வழக்கில்லை. மருத்துவத்தைத் தள்ளிப்போடுவதில்தான் வழக்கு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஊரில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் எரிந்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடுக்கிறது. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பிரசவமான சில நாட்களிலேயே தூக்கமின்றி அலைந்து, காதில் குரல் கேட்கிறது என்றோ, குழந்தை தன்னுடையதில்லை என்றோ உங்கள் மருமகள் சொன்னால், அது ஆயிரத்தில் ஓரிருவருக்கு வரும் கடும் மனநோயாக இருக்கலாம். தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அந்த நேரமே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கீழக்கரை, துபாயிலிருந்து கணவர்: நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

பிள்ளை பால் குடித்ததா என்று கேட்பதற்கு முன், நீ தூங்கினாயா என்று கேளுங்கள் தம்பி. இரவில் பிள்ளையைச் சிறிது நேரம் பார்த்துக்கொள்ளும்படி உங்கள் தாயாரிடம் நீங்களே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும் என்பதையும் மனைவிக்குத் தெரிவியுங்கள்.

மண்டபம்: அழுகை எத்தனை நாள் இருந்தால் இயல்பு?

இரண்டு வாரம். மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்.