கொக்கெயினும் இதயமும்: வைத்தியரிடம் கேளுங்கள்

வெள்ளவத்தை வாசகி: டொக்டர், கொக்கெயினும் குடுவும் ஒன்றுதானா? இரண்டும் தூள் என்கிறார்களே.

பதில்: சிங்களத்தில் 'குடு' என்றாலே தூள்தான் என்பதால் இந்தக் குழப்பம் இயல்பானது. நாம் குடு என்று சொல்லும் ஹெரோயின் அபினிலிருந்து வருவது. அது மூச்சை மந்தமாக்கிக் கொல்லும். தென் அமெரிக்கக் கோகா இலையிலிருந்து எடுக்கப்படும் கொக்கெயின், மூளையில் சுரந்த டோபமின் என்ற இன்ப உணர்வு தரும் இரசாயனம் மீள உறிஞ்சப்படாமல் தடுத்து, உடலை வேகப்படுத்துகிறது. மூக்கால் இழுத்தால் போதை அரை மணி நேரம்கூட நீடிப்பது அரிது. அது இறங்கும்போது வரும் சோர்வுதான் அடுத்த முறைக்குத் தூண்டுகிறது.

கொட்டாஞ்சேனை வாசகர்: என் தம்பிக்கு 27 வயது. சென்ற வாரம் ஒரு விருந்தில் மதுவோடு கொக்கெயினும் எடுத்தபின் நெஞ்சு இறுகியதாம். பொலிஸுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இப்போது வலி இல்லை. கவலைப்பட வேண்டுமா, ஐயா?

பதில்: கவலைப்படத்தான் வேண்டும்; இன்றே ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். இதயம் அதிக ஒட்சிசன் கேட்கும் அதே வேளையில் அதற்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகளைச் சுருக்கி, இரத்தம் உறையும் தன்மையையும் கூட்டுவதால், கொக்கெயின் இளைஞர்களுக்கும் மாரடைப்பை உண்டாக்கக்கூடியது. 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் அந்த ஆபத்து ஏறத்தாழ 24 மடங்காகிறது எனக் கண்டது. மது சேரும்போது ஈரலில் கொக்காஎத்திலீன் என்ற பொருள் உருவாகிறது. அது இரத்தத்தில் கொக்கெயினை விட நீண்ட நேரம் தங்கி இதயத்தைத் தாக்கும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. நெஞ்சுவலியோடு வருபவர் உண்மையை மறைத்தால், வழக்கமாக மாரடைப்புக்குக் கொடுக்கும் பீட்டா தடுப்பு மருந்தை நாங்கள் கொடுத்துவிடலாம். கொக்கெயின் உடலில் இருக்கையில் அது நாடிகளை மேலும் சுருக்கக்கூடும் என்பதால் பொதுவாகத் தவிர்ப்போம். மீண்டும் வலி வந்தால் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து, என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி மாணவர்: சத்திரசிகிச்சையிலேயே பயன்படுத்திய மருந்து எப்படி அவ்வளவு ஆபத்தாகும்?

பதில்: 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் அதைக் கண் சிகிச்சையில் மரப்பு மருந்தாகப் பயன்படுத்தியது உண்மை. அந்த மரப்புத்தான் இங்கே வினை: இரத்த ஓட்டம் குறைந்து மூக்கின் நடுத்தண்டு அழுகினாலும் வலி தெரியாது. தெருவில் விற்கும் தூளில் கால்நடைகளுக்கான குடற்புழு மருந்தான லெவமிசோலும் கலக்கப்படுவதுண்டு. அது வெண்குருதிக் கலங்களைக் குறைத்துவிடும்.

தெஹிவளை வாசகி: என் கணவர் விட நினைக்கிறார். மருந்து உண்டா?

பதில்: இதற்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை, முறையான உளவளச் சிகிச்சையே பலன் தருகிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். விட்ட முதல் நாட்களில் அளவற்ற உறக்கமும் மனச்சோர்வும் வரும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.