பிரிட்டன் டோரி கட்சிக்கு யாருப்பா ஓட்டு போடுறா? கேளுங்க, சொல்றேன்

பிரிட்டிஷ் எலக்‌ஷனை ரொம்ப வருஷமா நோண்டிட்டு இருக்கேன். கன்சர்வேட்டிவ் கட்சி, அதான் டோரி, அவங்க ஓட்டு பத்தி எதுனாலும் கேளுங்க.

மதுரைக்காரன்: அண்ணே, டோரின்னா பணக்காரன் கட்சிதானே?

அது மட்டும்னா என்னிக்கோ காணாம போயிருக்கும் தம்பி. 1867லயே டோரி அமைச்சர் டிஸ்ரேலி டவுன் தொழிலாளிங்கள்ல நிறைய பேருக்கு ஓட்டுரிமை குடுக்க வச்சாரு, ராணி, சாம்ராஜ்யம், சர்ச்னு அதுல ஒரு பங்கு இவங்க பக்கமே நின்னுச்சு. 1980ல டோரி பிரதமர் தாட்சர், கவுன்சில் வீட்டுல, அதான் உள்ளாட்சியோட வீட்டுல, வாடகைக்கு இருந்தவங்களே அதை தள்ளுபடில வாங்கிக்கலாம்னு சட்டம் போட்டாங்க, பேசில்டன் மாதிரி எசெக்ஸ் ஊருங்கள்ல அது நல்லாவே வேலை செஞ்சுது.

பிரியா: 2019ல சுரங்க ஊருங்க எப்படி டோரி பக்கம் மாறுச்சு?

பிரெக்ஸிட், அதான் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுறது, அப்படின்னு ஒரே வார்த்தைல சொல்லிடுவாங்க, ஆனா அது கடைசி தள்ளு தான். சுரங்கம் மூடி, யூனியன் கரைஞ்சு, படிச்ச பசங்க சிட்டிக்கு கெளம்பி, மிஞ்சினதுல வயசானவங்க, சொந்த வீட்டுக்காரங்க தான் ஜாஸ்தி. 1950ல தொகுதி உருவானதுலேர்ந்து டோரியோட போட்டிக் கட்சி லேபரை விடாத போல்சோவரே போச்சு, லேபர் பிரதமரா இருந்த டோனி பிளேர் நின்ன செட்ஜ்ஃபீல்டும் போச்சு, டோரிக்கு 365 சீட்டு. மறுநாளே போரிஸ் ஜான்சன், நீங்க ஓட்டை கடனா தான் குடுத்திருப்பீங்கன்ற மாதிரி பேசினாரு. அந்த மனுஷன் பேசினதுல எனக்கு பிடிச்ச உண்மை!

தேர்தல் பித்தன்: அப்புறம் 2024ல 121 சீட்டா சுருங்கினது எப்படி சார்?

ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால். வடக்கு ஊருங்களுக்காக பேசினது தெற்குல வசதியான, படிச்ச ஆளுங்களுக்கு கசந்துச்சு, கூடவே லாக்டவுன் நேரத்துல பிரதமர் ஆபீஸ்லயே நடந்த பார்ட்டி, 2022ல பிரதமரா இருந்த லிஸ் ட்ரஸ் மார்க்கெட்டை கலங்கடிச்ச பட்ஜெட். முன்னாள் டோரி பிரதமருங்க கேமரூனோட விட்னி, தெரசா மேயோட மெய்டன்ஹெட் ரெண்டு தொகுதியும் லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு போச்சு, வடக்குல லேபர் திரும்ப வந்துச்சு, இன்னொரு பக்கம் நைஜல் ஃபராஜோட ரிஃபார்ம் கட்சி மொத்த ஓட்டுல 14% உருவிடுச்சு.

ஹாரோ வாசி: எங்க ஏரியால ஜெயிச்சாங்களே?

லண்டன் ஹாரோ ஈஸ்ட் தானே? அந்த எலக்‌ஷன்ல டோரி பாதிக்கு மேல ஓட்டு வாங்கின ஒரே தொகுதி அது. குஜராத்தி இந்து ஓட்டு பெரிய காரணம், அதுக்காக நம்ம ஈழத்தமிழரையும் அதே கணக்குல சேர்த்துடாதீங்க.

நித்யா: சின்ன பசங்க வயசானா தானா டோரிக்கு வந்துடுவாங்கல்ல?

முன்னாடி வந்தாங்க. 2019ல 39 வயசு தாண்டினா லேபரை விட டோரிக்கு போடுறவங்க அதிகம்னு யூகவ்ங்கிற சர்வே கம்பெனி சொன்னுச்சு, 2024ல அந்த வயசு அறுபதை தாண்டிடுச்சு. முப்பது வயசுல வீடு வாங்க முடிஞ்சா தானேம்மா மனசு அந்தப்பக்கம் சாயும்? சரி, வீடு கட்டலாம்னு பிளானிங் சட்டத்தை தொட்டாங்க, 2021ல டோரி கோட்டையா இருந்த செஷம் அமர்ஷம் தொகுதி இடைத்தேர்தல்ல சொந்த ஆளுங்களே கவுத்துட்டாங்க, சட்டத்தை சுருட்டி வச்சுட்டாங்க.