லேசர் எங்கிரேவர் மரத்தில் நன்றாக எரிக்கிறது, உலோகத்தில் மட்டும் மங்கலாக விழுகிறது. ஃபோகஸை எப்படிச் சரியாக வைப்பது?

முதலில் பவரைக் கூட்டுவதை நிறுத்துங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் லேசர் தலைக்கும் பொருளுக்கும் இடையிலான உயரத்தில்தான் இருக்கும்.

ஃபோகஸ் கொஞ்சம் தப்பினாலும் மரம் கருகிவிடும். கோடு தடிக்கும், அவ்வளவுதான். உலோகம் அப்படி இல்லை. விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், வாங்கிய சூட்டையும் உடனே சுற்றிலும் பரப்பிவிடும். புள்ளியின் விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. அதே பவரில் ஒவ்வோர் இடத்துக்கும் கால்பங்குதான் கிடைக்கும். உலோகத்தில் தடமே விழாமல் போக அது போதும்.

கண்ணால் பார்த்துப் புள்ளியைச் சின்னதாக்கும் வழியை நான் நம்புவதில்லை. பளபளப்பில் கண் ஏமாந்துபோகும். தலையின் உயரத்தை வைக்க மெஷினோடு வரும் அளவுக்கட்டை தொடக்கத்துக்குச் சரி. அதற்கு மேல் சரிவுச் சோதனைதான் செய்ய வேண்டும்.

100 மி.மீ. நீளமுள்ள, அனோடைஸ் செய்த (மேலே ஆக்ஸைடு படலம் ஏற்றிய) அலுமினியத் துண்டை எடுங்கள். ஒரு முனையைச் சரியாக 10 மி.மீ. தூக்கி, அசையாமல் முட்டுக் கொடுங்கள். துண்டின் நடுப்பகுதி அளவுக்கட்டை சொல்லும் உயரத்தில் இருக்கட்டும். மேல்முனையில் தலை இடிக்காதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கீழிருந்து மேலாக ஒரே நேர்கோடு, குறைந்த பவரில். பவர் அதிகமானால் கோடு முழுக்கத் தடித்து, எது கூர்மை என்றே தெரியாது. குறைவாக வைத்தால் இரு முனையிலும் மங்கி மறைந்து, நடுவில் ஓரிடத்தில் மட்டும் மயிரிழை போல வெள்ளையாக நிற்கும். அந்த இடத்தைத் தேட உருப்பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் பிடிபடவில்லையா? கோடு மறையும் இரண்டு முனைகளுக்கும் நடுவே குறி போடுங்கள், அநேகமாகச் சரியாக இருக்கும். சரிவில் 10 மி.மீ. நகர்ந்தால் உயரம் 1 மி.மீ. மாறும். ஆக, கோட்டில் 2 மி.மீ. தப்பினாலும் உயரத்தில் 0.2 மி.மீ.தான் பிசகும்.

குறி போட்ட இடத்துக்கு மேலே தலையைக் கொண்டுவந்து, அங்கிருந்து தகடு வரை அளந்து, அதே உயரத்துக்கு ஒரு கட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தகட்டின் தடிமன் மாறும்போதெல்லாம் அந்தக் கட்டையை வைத்துத் தலையை மறுபடி இறக்க வேண்டும்.

இந்தச் சோதனையில் ஓர் ஆபத்து உண்டு. சரிந்த தகடு ஒளியை நேரே மேலே அனுப்பாமல் பக்கவாட்டில் எறியும். மூடிய பெட்டிக்குள் செய்யுங்கள். கண்ணில் போடும் பாதுகாப்புக் கண்ணாடியும் உங்கள் லேசரின் அலைநீளத்துக்கு உரியதாக இருக்க வேண்டும்: நீல டயோடு லேசருக்கு 450 நானோமீட்டர், ஃபைபர் லேசருக்கு 1064. ஃபைபரின் ஒளி கண்ணுக்கே தெரியாது, அதனால் இன்னும் கவனம் தேவை.

இவ்வளவுக்குப் பிறகும் கோடு தடித்தே விழுந்தால் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள், புகை படிந்திருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கருமை வேண்டும் என்பவர்கள் வேண்டுமென்றே ஃபோகஸைச் சற்று விலக்கி, மெதுவாகச் சூடாக்குவார்கள். சரியான உயரம் கைவசம் வந்த பிறகு அதை முயலுங்கள்.