தாத்தா ஐ.என்.ஏ.வில் சேர்ந்தது மதுரையிலா?

கேள்வி: 1939-இல் நேதாஜி மதுரைக்கு வந்தபோது எங்கள் தாத்தா அவருடைய ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) படையில் சேர்ந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். குடும்ப வரலாறு எழுதும்போது அப்படியே எழுதலாமா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: அப்படியே எழுத வேண்டாம், பொய் என்று தள்ளிவிடவும் வேண்டாம். வெவ்வேறு காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு, வாய்வழியாக வந்ததில் ஒன்றாகிவிட்டன என்றே கருதுகிறேன்.

1939 செப்டம்பரில் மதுரைக்கு வந்த சுபாஷ் சந்திர போஸ் படைத்தலைவர் அல்லர். அந்த ஏப்ரலில் காங்கிரஸ் தலைவர் பதவியைத் துறந்து, மே மாதம் பார்வர்டு பிளாக் என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கி, அதற்கு ஆதரவு திரட்ட ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார். மதுரையில் அவருக்குத் துணை நின்றவர் முத்துராமலிங்கத் தேவர். ஐரோப்பாவில் போர் மூண்ட செய்தியே செப்டம்பர் 3 அன்று சென்னைக் கடற்கரைக் கூட்டத்தில்தான் போஸுக்குக் கிடைத்தது.

படை பிறந்தது கடலுக்கு அப்பால். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின், சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு, பிரிட்டிஷ் இந்தியப் படையில் அதிகாரியாக இருந்த மோகன் சிங் அதை அமைத்தார்; ஆண்டு முடிவதற்குள் அது கலைந்தது. 1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக்காவலிலிருந்து தப்பி, ஜெர்மனியில் ஏறக்குறைய இரண்டாண்டு இருந்து, நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே வந்த போஸ், 1943 ஜூலையில் சிங்கப்பூரில் தலைமையை ஏற்றபிறகுதான் மலேயாத் தோட்டங்களின் தமிழர்கள் திரளாகச் சேர்ந்தார்கள்.

ஆகவே, தாத்தா அவரை மதுரையில் கண்டது உண்மையானால், அதன் பிறகே கடல் கடந்திருக்க வேண்டும். சிப்பாயாக இல்லாவிட்டால், ஜப்பானியர் மலேயாவில் இறங்கிய 1941 டிசம்பருக்கு முன்பாக. தோட்டக் கூலிகளை மலேயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இலேயே தடுத்துவிட்டதால், கடை வேலைக்குப் போனாரா, பட்டாளத்தில் போனாரா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பட்டாளம் என்றால் மோகன் சிங் காலத்துப் படையிலும் இருந்திருக்கலாம்.

வீட்டுப் பழைய பெட்டியில் முதலில் தேட வேண்டியது தியாகி பென்ஷன் விண்ணப்பத்தின் நகல். 1972-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் ஐ.என்.ஏ. வீரர்களுக்கும் இடம் இருந்தது. கிடைக்காவிட்டால், டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் உள்ளன. தகப்பனார் பெயரும் ஊர்ப் பெயரும் இல்லாமல் தேடாதீர்கள். நம் பக்கத்தில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள்.

அதுவரை, மதுரையில் அவர் பேச்சைக் கேட்டார் என்பதை ஒரு வாக்கியமாகவும், கடல் கடந்தபின் படையில் சேர்ந்தார் என்பதை வேறொரு வாக்கியமாகவும் எழுதி, இரண்டாவதில் ஆண்டுக்கு இடம் விட்டு வையுங்கள்.